பாக்ஸிங்குக்கு இனிக் கூட்டம் வருமா?

பாக்ஸிங்குக்கு எதிர்காலம் இருக்கிறதா, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. அதை விழுங்கிவிடாதா, யூடியூபர்கள் ஓய்வுபெற்ற கிழவர்களோடு மோதுவதுதான் இனி பாக்ஸிங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர் எங்கே தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பாக்ஸிங் அழியாது. ஆனால் ஒரு நாட்டில் அது மக்கள் விளையாட்டாக நிற்குமா என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவர் சனிக்கிழமை ராத்திரி தனியாகக் காசு கட்டாமல் நல்ல சண்டை பார்க்க முடிகிறதா என்பது ஒன்று. தோற்கிறவனுக்கும் சோறு போடுகிற சின்னச் சின்ன சண்டைகள் அந்த ஊரில் நடக்கின்றனவா என்பது இன்னொன்று. ரத்தம், காட்டுமிராண்டித்தனம், எம்.எம்.ஏ. போட்டி என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் எனக்கு இவற்றுக்கு அடுத்தபடிதான்.

முன்பு எப்படி இருந்தது என்று பார்த்தால் இது புரியும். 1921-ல் ஜாக் டெம்ப்ஸி, பிரான்ஸின் ஜார்ஜ் கார்பந்தியேவோடு மோதுவதற்காகவே நியூ ஜெர்ஸியில் ஒரு பெரிய மர அரங்கத்தைக் கட்டினார்கள். டிக்கெட் விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் சண்டை அது. 1927-ல் அதே டெம்ப்ஸி சிகாகோவில் ஜீன் டன்னியை இரண்டாவது முறை சந்தித்தபோது அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். வர முடியாதவர்கள் ரேடியோவில் கேட்டார்கள். அப்புறம் டி.வி. வந்தது. வெளிச்சமான சின்னச் சதுரம், அதற்குள் இரண்டே பேர். அந்தக் காலத்து கேமராவுக்கு இதைவிட வாகான விளையாட்டு கிடையாது. ஜில்லெட் பிளேடு கம்பெனி விளம்பரம் கொடுக்க, என்.பி.சி.யில் வெள்ளிக்கிழமை தோறும் சண்டை. வீட்டில் டி.வி. இல்லாதவர்கள் மதுக்கடையில் நின்று பார்த்தார்கள்.

இலவச டி.வி.யால் கெடுதலும் நடந்தது. வீட்டிலேயே பார்க்க முடிகிறபோது தெருமுனைக் கிளப்புக்கு எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்? ஐம்பதுகளில் அமெரிக்காவில் அப்படி மூடப்பட்ட சின்ன அரங்குகள் ஏராளம். 1962-ல் எமில் கிரிஃபித் அடித்த அடியில் பென்னி பாரெட் நேரடி ஒளிபரப்பில் சரிந்து, பத்து நாள் கழித்து இறந்தார். 1982-ல் ரே மான்சினியோடு 14 ரவுண்டு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூவுக்கும் அதே கதி. அதுவும் நேரடி ஒளிபரப்பு. அதன் பிறகுதான் 15 ரவுண்டு 12 ஆகக் குறைந்தது. டி.வி. நிறுவனங்களும் விளம்பரக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கியதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் சண்டைகளை ஏற்பாடு செய்கிற புரமோட்டர்களும் அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை. அதைவிட ருசியான காசை அவர்கள் ஏற்கெனவே கண்டுகொண்டிருந்தார்கள். 1971-ல் முகமது அலி - ஜோ ஃப்ரேஸியர் முதல் சண்டைக்கு ஆளுக்கு 25 லட்சம் டாலர் கொடுக்க முடிந்ததே, தியேட்டர்களில் டிக்கெட் போட்டு நேரடியாகக் காட்டியதால்தான். 1991-லிருந்து சந்தா டி.வி.யான ஹெச்.பி.ஓ.வும் பெரிய சண்டைகளை 'பே பெர் வியூ' முறைக்கு மாற்றியது. அதாவது மாதச் சந்தா கட்டியவரும் அந்த ஒரு ராத்திரிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். 1978-ல் அலி - லியான் ஸ்பிங்க்ஸ் சண்டையை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம். முப்பது வருஷம் கழித்து அந்த அளவுக்குப் பெரிய சண்டை ஒன்றுகூட அப்படிக் கிடைக்கவில்லை.

இந்த முறையின் உச்சமும் சாபமும் 2015 மே 2-ல் ஒரே ராத்திரியில் தெரிந்தது. ஃப்ளாய்ட் மேவெதர், மேனி பாக்கியோ. 2009 கடைசியிலேயே நடக்கும் என்று பேசப்பட்ட சண்டை. ஊக்கமருந்துப் பரிசோதனை எப்படி நடத்துவது என்பதில் ஒருமுறை முறிந்தது. பங்கு பிரிப்பதில் முறிந்தது. பிறகு ஒருவர் ஹெச்.பி.ஓ., இன்னொருவர் ஷோடைம் என்று ஆளுக்கொரு டி.வி. ஒப்பந்தம் குறுக்கே நின்றது. ஒருவழியாக ரிங் ஏறும்போது மேவெதருக்கு 38 வயது, பாக்கியோவுக்கு 36. அமெரிக்காவில் 46 லட்சம் பேர் வாங்கினார்கள், நல்ல தரத்தில் பார்க்க வேண்டுமானால் நூறு டாலர். அதில் மட்டுமே வசூல் 40 கோடி டாலரைத் தாண்டியது. சண்டை? மேவெதர் தள்ளி நின்று, தொட்டு, கட்டிப்பிடித்துப் பாயின்ட்டில் ஜெயித்துவிட்டுப் போனார். தோளில் காயத்தோடுதான் இறங்கினேன் என்றார் பாக்கியோ. நூறு டாலர் கொடுத்து, நண்பர்களைக் கூப்பிட்டு, கறி வறுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எப்படி வெறுத்துப்போயிருப்பார்! மேவெதரின் தற்காப்பை நான் மணிக்கணக்கில் ரசித்துப் பார்ப்பேன். ஆனால் முதல் தடவையாகப் பாக்ஸிங் பார்க்க வந்தவருக்குக் காட்ட வேண்டிய சண்டை அது இல்லை. கல்லா நிறைந்தது, ஆட்கள் போனார்கள். மூன்றே வருஷத்தில், 2018-ல், ஹெச்.பி.ஓ. பாக்ஸிங்கையே கைவிட்டது. 2023-ல் ஷோடைமும்.

சாம்பியன் பட்டத்துக்குக் கொடுக்கிற பெல்ட்டில் உள்ள குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்களை விரட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு அமைப்புகள். பதினேழு எடைப்பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் நான்கு உலக சாம்பியன்கள் இருக்கலாம். போதாதற்கு 'இடைக்கால', 'சூப்பர்' என்று கிளைப் பட்டங்கள் வேறு. ஒவ்வொரு பட்டச் சண்டைக்கும் வீரரின் பணத்தில் அமைப்புக்கு ஒரு கமிஷன் போகிறது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இங்கே கணக்குப்புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. 1999-ல் லெனாக்ஸ் லூயிஸ் ஜெயித்த பிறகு, ஹெவிவெயிட்டில் ஒரே சாம்பியன் என்று சொல்லும்படி ஒருவர் வர 2024 மே வரை, ஒலெக்ஸாண்டர் உசிக் டைசன் ஃப்யூரியைத் தோற்கடிக்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறையே போய்விட்டது. 'உலக ஹெவிவெயிட் சாம்பியன் யார்?' என்று கேட்டால் சலூனில் உட்கார்ந்திருப்பவர்கூடப் பதில் சொன்ன காலம் ஒன்று இருந்தது.

இனி இரண்டாவது விஷயம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதில்தான் கவலை அதிகம்.

கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் பகுதியில் யார்க் ஹால் என்று ஒரு இடம். 1929-ல் பொதுக் குளியல் கூடத்தோடு சேர்த்துக் கட்டியது. ஏறக்குறைய 1,200 பேர் உட்காரலாம். மாடி வரிசையிலிருந்து பார்த்தால் ரிங் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். கையுறை விலாவில் படுகிற சத்தம் தனியாகக் கேட்கும். இங்கே நடக்கிற சண்டைகளில் ஒரு மூலையில் நிற்பவர் 'உள்ளூர்ப் பையன்'. பிளம்பராகவோ கட்டட வேலைக்காரராகவோ இருப்பார். தன் டிக்கெட்டைத் தானே விற்க வேண்டும்: மாமா, மச்சான், கூட வேலை செய்கிறவர்கள், படித்த பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் எல்லாரிடமும். அந்த வசூலில்தான் எதிராளியின் கூலியும் புரமோட்டரின் செலவும் கழியும். மீதி இருந்தால் அவருக்கு. டிக்கெட் விற்கத் தெரியாத திறமைசாலி, டிக்கெட் விற்கத் தெரிந்த சுமாரானவரைவிடப் பின்னால்தான் நிற்பார்.

எதிர் மூலையில் நிற்பவர் வெளியூர்க்காரர், தோற்பதற்கென்றே கூப்பிடப்பட்டவர். ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். பர்மிங்ஹாமின் பீட்டர் பக்லி இந்த ரகத்தில் பேர்போனவர். 300 சண்டை, அதில் 32 வெற்றி, 12 சமன், 256 தோல்வி. 2008-ல் முந்நூறாவது சண்டையை ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். பின்னாளில் உலக சாம்பியனான நசீம் ஹமீதோடு இரண்டு முறை மோதியிருக்கிறார். இது சூதாட்டத் தோல்வி என்று நினைத்துவிடாதீர்கள். இவர்களுக்கு வேறொரு கைத்தொழில் தெரியும். அடிபடாமல் நிற்பது, பிடித்து இழுப்பது, சின்னப் பையன் அவசரப்பட்டால் ஒரு குத்து கொடுத்து நிதானப்படுத்துவது. நாக் அவுட் ஆகிவிட்டால் மருத்துவ விதிப்படி சில வாரம் ரிங் ஏற முடியாது, அத்தனை வாரக் கூலியும் போச்சு. அதனால் அவர் கவனமெல்லாம் நின்ற நிலையில் மணி அடிக்கும் வரை தாக்குப்பிடிப்பதில் இருக்கும். நாளைய சாம்பியன்கள் தொழிலைக் கற்றுக்கொள்வது இவர்களிடம்தான். பிரிட்டனில் 2024-ல் ஆந்தனி ஜோஷுவா - டேனியல் டுபுவா சண்டைக்கு வெம்ப்ளியில் 96,000 பேர் கூடினார்கள் என்றால், அதற்கு அடியில் யார்க் ஹால் மாதிரி இடங்கள் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது ஒரு காரணம். அமெரிக்காவில் அந்த அடித்தளம் பல ஊர்களில் போய்விட்டது.

மெக்ஸிகோவிலும், காசில்லாமல் டி.வி.யில் பார்ப்பது, சின்னச் சின்ன சண்டைகள் என்று நான் சொன்ன இரண்டும் இருக்கின்றன. கனேலோ அல்வாரெஸின் சண்டைகள் உலகமெல்லாம் காசுக்கு விற்கும்போது, அங்கே சாதாரண டி.வி.யிலேயே வந்தன. அதனால் அங்கே பாட்டிக்கும் பாக்ஸிங் தெரியும்.

எம்.எம்.ஏ.வுக்கு வருவோம். எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்துகிற பெரிய கம்பெனியான யு.எஃப்.சி. பாக்ஸிங்கை அடித்துச் சாய்க்கவில்லை. பாக்ஸிங் காலி செய்த வீட்டில் குடியேறியது. ஒரு எடைக்கு ஒரு சாம்பியன், அடுத்து யார் யாரோடு என்று ஒரே கம்பெனி முடிவு செய்யும், அநேகமாக வாராவாரம் நிகழ்ச்சி. பார்க்கிறவருக்கு வசதி. வீரருக்கு? அங்கே வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சண்டை போட்டவர்களுக்குப் போனது என்று நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. வீரர்கள் போட்ட அந்த வழக்கை முடிக்க யு.எஃப்.சி. 37.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய பாக்ஸிங் சண்டையில் பாதிக்கு மேல் வீரர்களுக்கே போகும். யு.எஃப்.சி.யின் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஃப்ரான்ஸிஸ் இங்கானூ, அங்கிருந்து விலகி பாக்ஸிங்குக்கு வந்தது சும்மா இல்லை. முதல் சண்டையில் ஃப்யூரியையே ஒருமுறை கீழே தள்ளி எல்லாரையும் திடுக்கிட வைத்தார். அடுத்த சண்டையில் ஜோஷுவா அவரை இரண்டாவது ரவுண்டில் தூங்கவைத்தார். இரண்டும் வேறு வேறு கலை, ஒன்று இருப்பதால் மற்றொன்று போகாது.

இப்போது இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியிருப்பது சவூதிப் பணம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம்: உசிக் - ஃப்யூரி, பெத்தெர்பியெவ் - பிவோல் மாதிரி, புரமோட்டர்கள் வருஷக்கணக்கில் தட்டிக்கழித்த சண்டைகளைச் சவூதி அதிகாரி துர்கி அல்-ஷேக் காசைக் கொட்டி நடத்திக் காட்டினார். ஆனால் காசு மட்டும் போதாது என்பதும் 2025 மே முதல் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் நடுவே ரிங் போட்டார்கள். பொதுஜனத்துக்கு டிக்கெட் இல்லை, அழைக்கப்பட்டவர்கள் மட்டும். ரையன் கார்சியா அங்கே தோற்றார், அது ஒன்றுதான் செய்தி. மற்றபடி அன்றைய சண்டைகள் கொட்டாவி. மறுநாள் கனேலோ, வில்லியம் ஸ்கல்லோடு ரியாத்தில், அங்கத்திய நேரப்படி விடியற்காலையில். பன்னிரண்டு ரவுண்டில் இரண்டு பேரும் சேர்த்து வீசிய குத்துகள் 445. பன்னிரண்டு ரவுண்டும் முழுசாகப் போன சண்டைகளில் இவ்வளவு குறைவாகக் குத்தியதே இல்லை என்றது குத்துகளை எண்ணுகிற காம்பியூபாக்ஸ். மெக்ஸிகோக்காரர்கள் கொண்டாடுகிற சிங்கோ தே மாயோ வார இறுதியென்றால் மெக்ஸிகன் வீரர் லாஸ் வேகஸில் தன் ஜனங்களுக்கு நடுவே நிற்பது வழக்கம். அந்த இரைச்சல் இல்லாத இடத்தில் இரண்டு பேர் பயிற்சி செய்வது போலச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். எதிராளி ஓடினால் கூட்டம் கூச்சல் போடும், அந்த வெட்கத்தில் அவர் நிற்பார். அதைக் காசு கொடுத்து வரவழைக்க முடியவில்லை.

யூடியூபர் விஷயம் எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. 2024 நவம்பரில் 27 வயது யூடியூபர் ஜேக் பாலும் 58 வயது மைக் டைசனும் இரண்டு நிமிட ரவுண்டுகளாக எட்டு ரவுண்டு ஆடியது பார்க்கச் சங்கடமான காட்சிதான். ஆனால் தனிக் கட்டணம் இல்லாமல் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததால் 6 கோடி வீடுகளில் பார்த்தார்கள் என்று அந்த நிறுவனமே கணக்கு சொன்னது. அந்தக் கூட்டம் டைசனுக்காகக் காத்திருந்தபோது என்ன பார்த்தது தெரியுமா? கேட்டி டெய்லரும், புருவம் கிழிந்து ரத்தம் வழிய அமாண்டா செர்ரானோவும், பத்து ரவுண்டும் நின்று அடித்துக்கொண்டதை. அந்த வருஷத்தின் நல்ல சண்டைகளில் ஒன்று. பெண்கள் பாக்ஸிங் ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2012-ல்தான். 2025 ஜூலையில் அதே இருவரும் மூன்றாவது தடவை மோதியபோது நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முழுக்கப் பெண்கள் சண்டையாகவே நிகழ்ச்சி நடந்தது. 2025 செப்டம்பரில் கனேலோ - டெரன்ஸ் கிராஃபர்ட் சண்டையும் நெட்ஃப்ளிக்ஸில் சந்தாவோடு சேர்ந்தே வந்தது. 4 கோடிக்கு மேல் பார்த்தார்கள். யு.எஃப்.சி.யும் 2026 முதல் அமெரிக்காவில் தனிக் கட்டணத்தை விட்டுவிட்டு, 770 கோடி டாலருக்கு ஏழு வருஷத்துக்குப் பாரமவுண்டோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. நூறு டாலர் கதை முடிகிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே எனக்கு நம்பிக்கை வருகிறது.

பயமும் அங்கேயே இருக்கிறது. யு.எஃப்.சி.யின் தாய் நிறுவனமான டி.கே.ஓ.வும் சவூதியும் சேர்ந்து ஜுஃபா பாக்ஸிங் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2000-ல் வந்த முகமது அலி சட்டம், தரவரிசையில் தலையிடப் புரமோட்டருக்கு இடம் கொடுப்பதில்லை; எவ்வளவு சம்பாதித்தார் என்பதையும் அவர் வீரரிடம் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலையில் அதற்குத் திருத்தமாக ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அப்போது அதில் ரவுண்டுக்குக் குறைந்தது 150 டாலர், மருத்துவக் காப்பீடு என்று நல்ல விஷயங்கள் இருந்தன; கூடவே ஒரே அமைப்பு சண்டையை நடத்தி, தரவரிசை போட்டு, பெல்ட்டும் கொடுக்கலாம் என்றது. நமக்கு நல்ல சண்டைகள் ஒழுங்காகக் கிடைக்கும். வீரருக்கு, பேரம் பேசப் போக வேறு வாசல் இருக்காது. அமெரிக்காவில் யார்க் ஹால் பையன் மாதிரி ஒருவனுக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலி பெரிதுதான், ஆனால் நன்றாக வளர்ந்த பிறகு அவன் பங்கு பாதியிலிருந்து ஐந்தில் ஒன்றாகிவிட்டால் இவ்வளவு அடி எதற்கு வாங்க வேண்டும்?

நம் பக்கம் கணக்கே வேறு. இந்தியாவில் பாக்ஸிங் என்றால் பதக்கம், பதக்கம் என்றால் ரயில்வேயிலோ போலீஸிலோ ராணுவத்திலோ வேலை. ஹரியாணாவின் பிவானியில் இத்தனை பிள்ளைகள் கையுறை மாட்டுவதற்குக் காரணம் 2008 ஒலிம்பிக்கில் விஜேந்தர் வாங்கிய வெண்கலமும், அதோடு வருகிற அந்த வேலையும்தான். ஆகவே நமக்கு நெட்ஃப்ளிக்ஸைவிட ஒலிம்பிக் முக்கியம். அதுவே கையைவிட்டுப் போக இருந்தது: 2016 ரியோ ஒலிம்பிக்கில் நடுவர்கள் ஊழல் புகார், அப்புறம் நிர்வாகக் குளறுபடி, 2023-ல் பழைய சர்வதேச அமைப்பின் அங்கீகாரத்தையே ஒலிம்பிக் குழு பறித்தது. புதிதாக வந்த வேர்ல்ட் பாக்ஸிங் அமைப்பை ஏற்றுக்கொண்டு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் பாக்ஸிங் உண்டு என்று முடிவானது 2025 மார்ச்சில்தான். அது போயிருந்தால், அந்த செப்டம்பரில் லிவர்பூலில் உலகத் தங்கம் வாங்கிய ஜாஸ்மின் லம்போரியாவுக்கும் மீனாட்சி ஹூடாவுக்கும் அடுத்து போக இடமிருந்திருக்காது. வடசென்னையில் பாக்ஸிங்குக்குப் பழைய பேர் உண்டு. 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்து காட்சிச் சண்டை போட்டபோது எம்.ஜி.ஆரே வந்து நின்றார். ஆனால் அந்தப் பழம்பெருமை ஒரு பையனுக்கு மாதச் சம்பளம் வாங்கித் தராது.

உயிர் விஷயத்தைத் தாண்டிப் போகவும் முடியாது. 2025 ஆகஸ்ட் 2, டோக்கியோ கொராகுவென் ஹால். ஒரே நிகழ்ச்சியில் வெவ்வேறு சண்டைகளில் ஆடிய இரண்டு பேர், கொதாரியும் உராகாவாவும், மூளையில் ரத்தக்கசிவால் ஒரு வாரத்துக்குள் இறந்தார்கள். ஜப்பான் உடனே ஆசியப் பட்டச் சண்டைகளை 12 ரவுண்டிலிருந்து 10 ஆகக் குறைத்தது. மற்ற நாடுகளும் குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. சட்டென எடை குறைக்க உடம்பில் தண்ணீரை வற்றடிக்கும் பழக்கத்துக்கும் கடிவாளம் போட வேண்டும். பத்து ரவுண்டு ஆனால் விறுவிறுப்பு குறையும் என்பவர்கள் மேலே சொன்ன டெய்லர் - செர்ரானோவைப் பார்க்கட்டும், அது பத்துதான்.

சரி, எங்கே தொடங்கலாம்? மேவெதரில் வேண்டாம். 2024 மே 6, டோக்கியோ டோம், நவோயா இனோவே - லூயிஸ் நேரி. 1990-ல் பஸ்டர் டக்ளஸ் டைசனைச் சாய்த்த அதே அரங்கில் அதற்குப் பிறகு நடந்த முதல் பாக்ஸிங் நிகழ்ச்சி. முதல் ரவுண்டிலேயே இனோவே வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழே விழுவார். விழுந்ததும் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்: அவசரமாகத் துள்ளி எழாமல், மண்டியிட்டு நடுவரின் எண்ணிக்கை எட்டுக்கு வரும் வரை மூச்சு வாங்கிக்கொள்கிறார். இரண்டாவது ரவுண்டில் அவர் நேரியைக் கீழே தள்ளுகிறார். ஆறாவதில் சண்டையே முடிந்துவிடுகிறது. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அது பிடித்தால் பெத்தெர்பியெவ் - பிவோல் இரண்டு சண்டைகளையும் வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொரு ரவுண்டும் யாருக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே பார்த்து, கடைசியில் ஜட்ஜ்கள் போட்டதோடு ஒப்பிட்டால், ஜட்ஜ்களைத் திட்டுவதற்கும் பழகிவிடுவீர்கள்.